விபத்துக்குப் பிறகு ராத்திரியில் அலறி எழுகிறார்: வீட்டில் என்ன செய்வது, எங்கே காட்டுவது

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மனைவி கேட்டிருக்கிறார். கணவருக்கு 41 வயது, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான்கு மாதத்துக்கு முன்பு பைபாஸில் அவர் வந்த வேன், நின்றிருந்த லாரியில் மோதியது. பக்கத்து சீட்டில் இருந்த நண்பர் அந்த இடத்திலேயே போய்விட்டார். இவருக்குக் காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, தூக்கம் கூடவில்லை. இரவு இரண்டு மணி வாக்கில் அலறிக்கொண்டு எழுகிறார், கை காலை உதறுகிறார். போன வாரம் எழுப்பப் போன மனைவியின் முகத்தில் அடி விழுந்துவிட்டது. தூங்குவதற்காகத் தினமும் ஒரு குவார்ட்டர், அதோடு தெரிந்த மருந்துக்கடையில் வாங்கும் ஒரு மாத்திரை. கருப்பராயன் கோவிலில் கயிறும் கட்டியாகிவிட்டது. "பைத்தியம் புடிச்சிருமோன்னு பயமா இருக்குதுங்க" என்று முடித்திருக்கிறார்.

இது பைத்தியத்தின் தொடக்கம் இல்லை, அம்மணி. இதற்கு வைத்தியம் இருக்கிறது. காரணங்களைப் பிறகு சொல்கிறேன், முதலில் இன்று ராத்திரிக்கு வேண்டியது.

அவர் அலறும்போது தோளைப் பிடித்து உலுக்காதீர்கள். அந்த நிமிடத்தில் அவர் உடம்பு வேனுக்குள் இருக்கிறது. மேலே படுகிற கை உங்கள் கை என்று அதற்குத் தெரியாது. போன வாரம் விழுந்த அடி அப்படி விழுந்ததுதான். எழுந்து கால்மாட்டுப் பக்கம், அவர் கை நீட்டினாலும் எட்டாத தூரத்தில் நில்லுங்கள். முதலில் விளக்கு, பிறகு குரல். அவரைத் தாண்டிப் போய் ஸ்விட்ச் போடுகிற மாதிரி அறை இருந்தால் நாளைக்கே படுக்கையை மாற்றிப் போடுங்கள், இல்லையென்றால் உங்கள் தலைமாட்டில் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு வையுங்கள். ட்யூப் லைட் பளீரென்று எரிவதை விட மங்கலான மஞ்சள் வெளிச்சம் நல்லது. லாரி ஹெட்லைட் கனவில் வருகிறவருக்கு வெள்ளை வெளிச்சம் கண்ணில் அடித்தால் கனவு நீளும்.

குரல் தணிவாக, எப்போதும் ஒரே வாசகமாக இருக்கட்டும்: "ஏனுங்க, நாந்தானுங்க. நம்ம ஊட்லதான் இருக்கறோம். மணி ரெண்டாச்சு. அது கனாவுங்க." மூன்று நான்கு தடவை, இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். கண் திறந்திருப்பதால் விழித்துவிட்டார் என்று நினைக்கக் கூடாது. உங்கள் பெயரைச் சொல்லவோ, கேட்டதற்குப் பதில் சொல்லவோ ஆரம்பித்த பிறகுதான் பக்கத்தில் போகலாம். எழுந்து உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் வெறும் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். தரையின் குளிர்ச்சி "இங்கே இருக்கிறோம்" என்பதை வாய்ச்சொல்லை விட வேகமாக உணர்த்தும். ஒரு டம்ளர் தண்ணீர், முகம் கழுவல். பிறகு அவரே வாய்விட்டுச் சொல்லட்டும்: இன்று என்ன கிழமை, என்ன தேதி, இந்த அறையில் கண்ணுக்குத் தெரிகிற 5 பொருள், காதில் விழுகிற 3 சத்தம்.

மூச்சுப் பயிற்சியில் பலரும் தப்பு செய்வது இந்த இடத்தில்தான். "நல்லா இழுத்து மூச்சு விடுங்க" என்று சொல்லிவிடுகிறோம். பதறியிருப்பவர் ஏற்கெனவே மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். இன்னும் இழுத்தால் தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், மாரடைப்போ என்று பயம் கூடும். இழுப்பது சாதாரணமாக 4 எண்ணும் வரை, விடுவது மெதுவாக 6 எண்ணும் வரை, 5 நிமிடம் போதும். சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பதற்றம் வரும். அவர்கள் அதை விட்டுவிட்டுக் கட்டில் கயிற்றையோ போர்வை ஓரத்தையோ விரலால் தடவி எண்ணிக்கொண்டு வரலாம்.

"என்ன கனா?" என்று அப்போது கேட்காதீர்கள். கேட்டால் மறுபடியும் உள்ளே போய்விடுவார். பகலில் பேசிக்கொள்ளலாம்.

கட்டிலைச் சுற்றிக் கை எட்டும் தூரத்தில் துணி வெட்டும் கத்தரி, கண்ணாடி டம்ளர், இரும்பு டார்ச், அரிவாள் எதுவும் இருக்க வேண்டாம். குழந்தை அவர் பக்கத்தில் படுக்க வேண்டாம். நீங்களும் சில வாரம் அதே அறையில் தனிப் பாயில் படுப்பது நல்லது. அதை ஊரார் எப்படிப் பார்ப்பார்கள் என்ற கவலையை விடுங்கள். அவரிடம் பகலிலேயே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் "என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள்" என்று மனதில் போட்டுக்கொள்வார். தூக்கத்தில் படுகிற அடி வேறு, விழித்திருக்கும்போது கை நீட்டுவது வேறு. பின்னது நடந்தால் அதற்குத் தூக்கத்தைக் காரணம் சொல்லிப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெண்கள் உதவி எண் 181.

இனி காரணத்துக்கு வருவோம். கடலைக்காட்டில் பன்றிக்குக் காவல் படுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். கண் மூடியிருக்கும், காது மூடியிருக்காது. சருகு அசைந்தால் எழுந்து நிற்பார். உயிர் போகிற ஆபத்தைப் பார்த்த உடம்பும் இப்படித்தான் காவலுக்குப் போய்விடுகிறது. ஆபத்து வந்தால் சுரக்க வேண்டிய நார்அட்ரினலின் ராத்திரியிலும் இறங்க மாட்டேன் என்கிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, வேர்க்கிறது, சின்னச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. காவல்காரனை "தூங்கு, தூங்கு" என்று அதட்டினால் தூங்குவானா? தூக்கத்தை வற்புறுத்துகிற எல்லா வழியும் இங்கே தோற்பது இதனால்தான்.

தூங்கும்போதே ஆபத்து நிகழ்ந்தவர்களுக்கு இது இன்னும் கடுமை. 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் சுவர் இடிந்து விழுந்து 17 பேர் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த இடத்திலேயே போனார்கள். அப்படி ஒன்றை அருகிலிருந்து பார்த்தவருக்கு மழைச் சத்தமும் படுக்கையும் சேர்ந்தே எச்சரிக்கை மணியாகிவிடும். வால்பாறையிலும் தடாகம், தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலும் யானை வீட்டுச் சுவரை முட்டியதைக் கண்டவர்களுக்குக் கிளை முறிகிற சத்தம் அந்த வேலையைச் செய்யும். உங்கள் வீட்டுக்காரருக்குப் பிரேக் பிடிக்கிற சத்தமாக இருக்கலாம், டீசல் வாசமாக இருக்கலாம். எது என்று பகலில் உட்கார்ந்து யோசித்து எழுதி வைப்பது பாதி வேலை.

ராத்திரியில் நடப்பதெல்லாம் கெட்ட கனவு என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. கனவு வருகிற தூக்கம் பின்னிரவில்தான் அதிகம். அந்த நேரத்தில் எழுந்து கனவைக் கோர்வையாகச் சொன்னால் அது கொடுங்கனவு. (பெரிய அதிர்ச்சிக்குப் பின் வருவது முன்னிரவிலும் வரலாம்.) படுத்து 1 முதல் 3 மணி நேரத்துக்குள் அலறி, காலையில் கேட்டால் ஒன்றும் நினைவில்லை என்றால் அது ஆழ்ந்த தூக்கத்தில் வரும் அலறல். அவரை எழுப்பக் கூடாது, விழாமல் பார்த்துக்கொண்டால் தானே அடங்கும். விழிப்பு வந்தும் கை கால் அசைக்க முடியாமல் நெஞ்சில் ஏதோ உட்கார்ந்த மாதிரி இருந்தால் அதுதான் நம் பக்கத்தில் அமுக்குவான் பேய் என்பார்கள். கனவு நேரத்தில் உடம்பு தானாகத் தளர்ந்து கிடக்கும், அந்தத் தளர்ச்சி விடுமுன் மூளை விழித்துக்கொள்வதால் வருவது. சில நொடியிலிருந்து ஓரிரு நிமிடத்தில் போய்விடும். மல்லாந்து படுப்பதைத் தவிர்த்தால் குறையும்.

கவனிக்க வேண்டியவை வேறு சில. ஒவ்வொரு தடவையும் அச்சு அசலாக ஒரே மாதிரி வெட்டி இழுத்தல், நாக்கைக் கடித்தல், படுக்கையில் சிறுநீர் போதல் இருந்தால் வலிப்பாக இருக்கலாம், நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். விபத்தில் தலையில் அடிபட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். தலையடியே தூக்கத்தைக் குலைக்கும். 50 வயது தாண்டியவர் கனவில் சண்டை போடுவது போல் அடித்து உதைத்தால், அதிர்ச்சி ஒன்றும் இல்லாவிட்டாலும், அது தனி நோய். அதையும் நரம்பியலில்தான் காட்ட வேண்டும். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி என்றால் தூக்கத்தில் மூச்சடைப்பு. அதிர்ச்சிக்குப் பிறகு தூக்கம் கெட்டவர்களிடம் இதுவும் சேர்ந்திருப்பது சகஜம், கண்டுபிடித்துச் சரிசெய்தாலே கனவுத் தொல்லை குறைந்துவிடுகிறவர்கள் உண்டு. எனவே வெட்கப்படாமல் அவர் தூங்குவதை 2 நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள், அவருக்குச் சொல்லிவிட்டு. மருத்துவருக்கு ஆயிரம் வார்த்தை மிச்சம்.

இப்போது அந்தக் குவார்ட்டர். 180 மில்லி உள்ளே போனால் சீக்கிரம் தூங்கிவிடுகிறார், உண்மைதான். ஆனால் மது முன்னிரவில் கனவு தூக்கத்தை அமுக்கி வைக்கிறது. அது இறங்க இறங்க, அமுக்கி வைத்தது எல்லாம் பின்னிரவில் மொத்தமாகக் கிளம்பும். ஒன்பது மணிக்குக் குடித்துப் பத்தரைக்குத் தூங்குகிறவருக்கு இரண்டு மணி அலறல் ஏன் என்பதில் பாதி விடை இங்கே இருக்கிறது. அதற்காக நாளைக்கே பாட்டிலைப் பிடுங்கி ஒளித்து வைக்காதீர்கள். தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வேர்வை, உளறல், சிலருக்கு வலிப்பு கூட வரும். மருத்துவரிடம் அளவைச் சொல்லி, அவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். மருந்து அதை வைத்துத்தான் முடிவாகும்.

மாத்திரைதான் எனக்கு இதில் பெரிய கவலை. கடையில் சீட்டில்லாமல் தருவது பெரும்பாலும் அல்ப்ராசோலம் அல்லது குளோனசெபாம். மதுவோடு சேர்ந்தால் இரண்டும் மூச்சை மந்தமாக்கும், எழாமலே போய்விடுகிற ஆபத்து நிஜம். இன்று இரவிலிருந்தே குடியும் மாத்திரையும் சேரக் கூடாது. இன்னொன்று, அல்ப்ராசோலம் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 11 மணி நேரம் ஆகும். இரவு பத்துக்குப் போட்டால் காலை ஒன்பதுக்குக் கட்டிங் மெஷின் முன்னால் நிற்கும்போது பாதி மருந்து உள்ளேதான் இருக்கும். விரல் போகிற வேலை அது. இந்த வகை மாத்திரை கனவையும் குணப்படுத்தாது. அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் தூக்கத்துக்காக இதைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. பல வாரமாகத் தினமும் போடுகிறார் என்றால் இதையும் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். அதனால்தான் சொல்கிறேன், குடியும் மாத்திரையும் சேர்ந்திருப்பதால் மருத்துவரிடம் போவதை அடுத்த வாரத்துக்குத் தள்ள வேண்டாம்.

டீயைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நம் ஊரில் சாயங்காலம் பேக்கரியில் நிற்காமல் யாரும் வீடு திரும்புவதில்லை. காபி, டீயில் உள்ள காஃபின் பாதி இறங்கச் சுமார் 5 மணி நேரம். ஆறு மணி டீயின் பாதி பதினொரு மணிக்கும் விழித்திருக்கும். மதியம் 2 மணிக்கு மேல் வேண்டாம். பேக்கரிக்குப் போவதை நிறுத்த வேண்டியதில்லை, நாலு பேரோடு நிற்பது அவருக்கு மருந்து. பாலோ சுக்குத் தண்ணியோ குடிக்கட்டும். பீடி சிகரெட்டும் விழிக்க வைப்பதுதான், நடு ராத்திரியில் எழுந்து வாசலில் ஒன்று பற்றவைத்தால் அடுத்த ஒரு மணி நேரத் தூக்கத்தைத் தானே விரட்டுகிறார். இதோடு இன்னொன்று: நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் விபத்து நடந்த சிசிடிவி காட்சிகள் வந்துகொண்டே இருக்கும். அந்தக் குழுக்களிலிருந்து அவரை வெளியே வரச் சொல்லுங்கள். அல்லது வீடியோ தானாக இறங்காதபடி அமைப்பை மாற்றிக் கொடுங்கள்.

படுக்கை நேரம் பற்றி ஒரு கணக்கு. உடம்பு அசந்திருக்கிறது என்று ஒன்பதரைக்கே படுத்துக் காலை ஆறு வரை கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிடப்பது எட்டரை மணி நேரம், தூங்குவது ஐந்தரை. அதாவது 100-க்கு 65. மீதி 3 மணி நேரம் அவர் படுக்கையில் என்ன செய்கிறார்? பயந்துகொண்டு படுத்திருக்கிறார். நாள்படப் படுக்கை என்றாலே பயப்படுகிற இடம் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. இதை மாற்றத்தான் படுக்கை நேரத்தைக் குறைக்கிறோம். எழுகிற நேரத்தை ஆறு மணி என்று கட்டி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் அதேதான். படுக்கிற நேரத்தைப் பதினொன்றரை, பன்னிரண்டுக்குத் தள்ளுங்கள். ஒரு வாரம் கணக்குப் பார்த்து, கிடந்த நேரத்தில் 100-க்கு 85 தூங்கியிருந்தால் 15 நிமிடம் முன்னால் படுக்கலாம். இப்படியே வாரத்துக்கு 15 நிமிடம். முதல் பத்து நாள் பகலில் கண் சொக்கும். அதனால் மெஷின் வேலை செய்கிற, வண்டி ஓட்டுகிற இவருக்கு 6 மணி நேரத்துக்குக் கீழே குறைக்க வேண்டாம். வலிப்பு உள்ளவர்கள், மனநிலை மிதமிஞ்சிய எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகிற நோய் (பைபோலார்) உள்ளவர்கள் இந்த முறையைத் தாங்களாகச் செய்யவே கூடாது.

படுத்து 20 நிமிடம் ஆனது போலத் தோன்றினால் எழுந்து வெளி அறையில் உட்காரட்டும், மங்கின வெளிச்சத்தில், செல்போன் இல்லாமல். கண் சொக்கினால் மட்டும் திரும்பப் படுக்கை. கடிகாரத்தைச் சுவரின் பக்கம் திருப்பி வையுங்கள். மணி பார்க்கிற பழக்கமே பாதி விழிப்பு. கணக்கு எழுத நோட்டு கூட வேண்டாம், தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும்: எப்போது படுத்தார், குத்துமதிப்பாக எத்தனை மணி தூங்கினார், கனவு வந்ததா, குடித்தாரா, எவ்வளவு. காலையில் எழுதுங்கள், ராத்திரியில் வேண்டாம்.

இனி இந்தப் பதிலிலேயே நான் பெரிதாக நினைப்பது. கனவை மாற்றி எழுதி ஒத்திகை பார்க்கும் முறை. கேட்டால் சிறுபிள்ளை விளையாட்டு போல இருக்கும். ஆனால் 2001-ல் அமெரிக்கத் தூக்க மருத்துவர் பேரி கிராகோவ் குழுவினர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களிடம் இதைச் சோதித்துக் கனவுகளும் தூக்கமும் நன்றாகத் தேறியதைக் காட்டினார்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி கொடுங்கனவுக்கு முதலில் பரிந்துரைப்பதும் இதைத்தான். திரும்பத் திரும்ப வருகிற கனவு ஒரு தேய்ந்த வண்டித்தடம் போன்றது, மூளை அதிலேயே சக்கரத்தை இறக்கும். பகலில் விழித்திருக்கும்போது வேறொரு தடத்தைப் போட்டுக் கொடுக்கிறோம்.

நண்பர் இறந்த அந்தக் கனவை முதலில் தொடாதீர்கள். எல்லாரும் செய்கிற தப்பு அது. பெரியதை எடுத்தால் முதல் நாளே பதறிப்போய் "இது எனக்கு ஆவாது" என்று விட்டுவிடுவார். பத்துக்கு மூன்று நான்கு அளவு தொந்தரவு தருகிற சின்னக் கனவை எடுங்கள். வேன் பிரேக் பிடிக்காமல் ஓடுகிறது, கதவு திறக்கவில்லை, அந்த மாதிரி. அதை நாலைந்து வரியில், இப்போது நடப்பது போல எழுதச் சொல்லுங்கள்: "நான் வேனில் உட்கார்ந்திருக்கிறேன். பைபாஸ் இருட்டாக இருக்கிறது." பிறகு எந்த இடத்தில் வேண்டுமானாலும் மாற்றலாம், அவர் விருப்பம்தான். வேன் மெதுவாகிச் சர்வீஸ் ரோட்டில் இறங்கி ஒரு பேக்கரி முன்னால் நிற்கலாம். இறங்கினால் அது அவருடைய அப்புச்சி தோட்டமாக இருக்கலாம், வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கலாம். நம்பும்படி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் யோசனை சொல்லலாம், எழுதுவது அவர் கையாக இருக்க வேண்டும். மாற்றிய கதையில் லாரியை அடித்து நொறுக்குவது மாதிரி வன்முறையைச் சேர்க்க வேண்டாம், உடம்பு மறுபடி கொதிக்கும்.

பழைய கனவை அத்தோடு விட்டுவிடுங்கள், திரும்பப் படிக்க வேண்டாம். புதிய கதையை மட்டும் தினமும் 10 முதல் 20 நிமிடம், பகலில், கண்ணை மூடி ஓடவிட வேண்டும். டீ வாசம், தண்ணீர்ச் சத்தம், காலில் படுகிற மண் ஈரம் எல்லாம் சேர்த்து. படிப்பது போதாது, பார்க்க வேண்டும். ஒரு வாரத்தில் இரண்டு கனவுக்கு மேல் எடுக்கக் கூடாது. கனவு உடனே மறைவதில்லை. பெரும்பாலும் முதலில் அதன் முனை மழுங்கும், பாதியில் நிற்கும், வேறு மாதிரி முடியும், வாரத்தில் ஐந்து நாள் வந்தது இரண்டு நாளாகும். சில வாரம் பிடிக்கும். ஒத்திகையின் போதே மூச்சு முட்டினால், அல்லது நடந்ததெல்லாம் கண்ணெதிரே ஓட ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு, உளவியலாளர் முன்னால்தான் தொடர வேண்டும். நண்பர் இறந்த கனவையும் அங்கேதான் எடுக்க வேண்டும். நண்பர் பிழைத்துவிடுவது போல எழுதிப் பார்க்கச் சிலருக்கு ஆசை வரும், விழித்ததும் மறுபடி இழப்பது போலாகிவிடும்.

தோட்டத்துச் சாளையில் தனியாக இருப்பவர்களுக்காக இதையும் சேர்க்கிறேன், இந்தப் பதிலைப் படிப்பவர்களில் அவர்களும் இருப்பார்கள். தோட்டத்து வீடுகளில் வயதானவர்களைக் கொன்று கொள்ளையடித்த கொடுமைகளுக்குப் பிறகு பலரும் ராத்திரி நாலைந்து தடவை எழுந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை மனப்பிரமை என்று ஒதுக்கக் கூடாது. பாதுகாப்புக்கு வேண்டியதை முழுதாகச் செய்துவிட்டு, பார்க்கிற வேலையை ஒரு தடவையோடு முடிக்க வேண்டும்: பின்கதவு, முன்கதவு, மோட்டார் ரூம், வெளி விளக்கு, தினமும் இதே வரிசை, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. வாய்விட்டுச் சொன்னது "பூட்டினேனா?" என்று நடுராத்திரியில் சந்தேகம் வரும்போது நினைவில் நிற்கும். சிசிடிவி வைத்தவர்கள் கவனிக்க: தென்னை மட்டை ஆடினாலும் பூனை நடந்தாலும் செல்போனில் மணி அடிக்கிற மாதிரி விட்டுவைத்தால் அந்தக் கேமராவே தூக்கத்தைத் தின்றுவிடும். ஆள் நடமாட்டத்துக்கு மட்டும் மணி அடிக்கும்படி அமைப்பை மாற்றுங்கள், அல்லது ராத்திரி அறிவிப்பு வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மருமகனுக்கோ போகட்டும். ராத்திரியில் மோட்டார் போட எழுகிறவர்கள், ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுக்கொள்ள முடிந்தால் அது தூக்கத்துக்குச் செய்கிற நல்ல செலவு.

சோமனூர், பல்லடம் பக்கம் தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவர்களுக்குச் சத்தம் தொந்தரவு இல்லை. கரண்டு போய்த் தறி சட்டென்று நிற்கும்போதுதான் தூக்கிவாரிப் போடும். அவர்களுக்கு முழு நிசப்தத்தை விட ஒரே சீராக ஓடுகிற டேபிள் ஃபேன் உதவும்.

கோவில் கயிறு இருக்கட்டும். கருப்பராயன் காவல் இருக்கிறார் என்ற நம்பிக்கை காவல் நிற்கிற உடம்புக்கு ஆறுதல்தான். ஆனால் பேய் ஓட்டுகிறேன் என்று அடிக்கிற, பட்டினி போடுகிற, மருந்தை நிறுத்தச் சொல்கிற இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டாம்.

அதிர்ச்சி நடந்த முதல் மாதம் தூக்கம் கெடுவது இயல்பு, பெரும்பாலோருக்குத் தானே சரியாகும். அந்தச் சமயத்தில் நடந்ததை விலாவாரியாகச் சொல்லச் சொல்லி வற்புறுத்துவது உதவாது. ஒரு மாதம் தாண்டியும் கனவு, திடுக்கிடல், அந்த ரோட்டுப் பக்கமே போக மறுப்பது எல்லாம் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. திருப்பூர், கோவை, பெருந்துறை, சேலம், கரூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவைக் கேட்டுப் போங்கள், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். அதற்குள் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அங்கே என்ன நடக்கும்? விபத்தின் நினைவை ஒழுங்காக எடுத்துப் பேசிச் செய்கிற உளச்சிகிச்சைதான் இதற்கு முதன்மையானது. நினைவை மனதில் வைத்துக்கொண்டு கண்ணை இடமும் வலமும் அசைக்கச் சொல்லிச் செய்கிற இ.எம்.டி.ஆர். என்பதும் அந்த வகையில் ஒன்று. பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வு வரை போகும், நடுவில் சிலருக்குக் கொஞ்ச நாள் கனவு கூடுவது போல இருக்கும், அப்போது விட்டுவிடாமல் சிகிச்சையாளரிடம் சொல்ல வேண்டும். மருந்தில் செர்ட்ராலின் போன்றவை தரலாம். வேலை செய்ய 4 முதல் 6 வாரம் ஆகும், ஆரம்பத்தில் தூக்கத்தை இன்னும் கலைக்கவும் கூடும், அப்படியானால் காலையில் போடச் சொல்வார்கள். கனவுக்காகப் பிரசோசின் என்ற பழைய ரத்த அழுத்த மாத்திரையும் சிலருக்குத் தருவதுண்டு. 2018-ல் முன்னாள் படைவீரர்களிடம் செய்த பெரிய ஆய்வில் அது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை விட மேலாக இல்லை, ஆனாலும் சிலருக்குப் பலன் தெரிவதால் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதைப் போட்டவர் ராத்திரி எழும்போது சட்டென்று நிற்கக் கூடாது. ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்து பிறகு எழ வேண்டும், இல்லையென்றால் மயங்கி விழுவார்.

கம்பெனியில் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. "விபத்துக்கு வைத்தியம் நடக்குது, ரெண்டு மாசம் நைட் வேண்டாம், மெஷின் பக்கம் வேண்டாம், அளவு பார்க்கற வேலை குடுங்க" என்று கேட்டால் போதும். முந்தின ராத்திரி 4 மணி நேரத்துக்குக் கீழே தூங்கியிருந்தால் பைக்கை எடுக்க வேண்டாம், பஸ்ஸிலோ யார் பின்னாலோ உட்கார்ந்தோ போகட்டும்.

இன்னொன்றை நேராகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதுங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தினமும் கொடுங்கனவு காண்கிறவர்களிடம், அதிலும் "அவன் போயிட்டான், நான் ஏன் இருக்கறேன்" என்று சொல்கிறவர்களிடம், கட்டாயம் கேட்க வேண்டும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே 14416 அல்லது மருத்துவமனை. வீட்டில், தோட்டத்தில் இருக்கிற பூச்சி மருந்தை வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். மாத்திரைப் பட்டையை நீங்கள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளுக்கு உண்டானதை மட்டும் கொடுங்கள்.

நண்பரின் முதல் வருசத் திதி வரும்போது, நன்றாகத் தேறியிருந்தாலும், அந்த வாரம் கனவு திரும்பக் கூடும். காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள். அந்த வாரத்தில் ராத்திரி வேலையும் நெடும்பயணமும் வைத்துக்கொள்ள வேண்டாம். அவர் விரும்பினால் திதிக்குப் போய் வரட்டும், பகலில் போய்ப் பகலிலேயே திரும்பட்டும்.

மருத்துவமனைக்குப் போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவை: ஒரு வாரத்துக் காலண்டர் தாள்கள், கடையில் வாங்கின மாத்திரையின் காலிப் பட்டை, விபத்தின்போது பார்த்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு, தலை ஸ்கேன் எடுத்திருந்தால் அது, செல்போனில் அந்த 2 நிமிட வீடியோ. நீங்களும் கூடவே உள்ளே போங்கள். ராத்திரியில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர் நீங்கள்தான்.